நனைகிற நாளில் ஒரு தீ

ஜூன் இருபத்துநாலாம் தேதி எங்கள் ஊரில் உலர்ந்த சட்டையோடு தெருவில் நடக்கிறவன் ஒன்று வெளியூர்க்காரனாக இருப்பான், இல்லாவிட்டால் கிறுக்கனாக இருப்பான். அன்றைக்கு சான் யுவான் திருநாள். ஆற்றில் நிறுத்தி ஞானஸ்நானம் கொடுத்த புனிதர் என்பதால் அவர் பெயரைச் சொல்லி யாரை வேண்டுமானாலும் நனைக்கலாம், நனைந்தவன் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஜீப்னி வண்டியில் நெருக்கியடித்து உட்கார்ந்து வேலைக்குப் போகிறவர்கள், போலீஸ்காரர், பாதிரியார், பேங்க் மேனேஜர் யாருக்கும் விலக்குக் கிடையாது. முந்தின நாளே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் டிரம், அண்டா, பிளாஸ்டிக் தொட்டி என்று கைக்குக் கிடைத்ததிலெல்லாம் தண்ணீர் பிடித்து வைத்துவிடுவார்கள். நெருப்பில் வாட்டிச் சுட்ட முழுப்பன்றியைக்கூட அன்றைக்கு பிளாஸ்டிக் தாளில் சுற்றித்தான் தெருவில் தூக்கிக்கொண்டு போவார்கள், இல்லையென்றால் அதன் மொறுமொறுத் தோல் நமத்துப்போகும்.

கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் ஒளிகிற ஆசாமிகளுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறோம். நாலைந்து பேர் வாசலில் போய் நின்று, "நெருப்பு, நெருப்பு" என்று கத்துவோம். உள்ளே இருப்பவர் அடித்துப் பிடித்துக் கதவைத் திறப்பார். உடனே ஒரு வாளி. தீயணைப்புக் குழுவில் இருந்துகொண்டு நானே அப்படிக் கத்தியிருக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், மற்றவர்களைவிட என் குரலுக்குத்தான் கதவு சீக்கிரம் திறக்கும்.

என் பெயர் பாதெங், மீன்காரி. மீன் சந்தையில் மூன்றாவது மேடை என்னுடையது. உப்பளத் தெருத் தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் ரேடியோ என் பொறுப்பு. குழுவில் பதினான்கு பேர். முடி வெட்டுகிறவர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், மீதிப் பேர் டிரைசைக்கிள் வாடகை வண்டி ஓட்டுகிறவர்களும் படகில் போகிறவர்களும். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஜப்பானில் ஓடித் தேய்ந்து எங்களிடம் வந்து சேர்ந்த மஞ்சள் வண்டி ஒன்று உண்டு. அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஜப்பானிய எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதை ஓட்டுகிறவர் திபோ அண்ணன்.

திபோ அண்ணன் வண்டியின் மேல் வைத்திருக்கிற பாசத்தில் பாதியை வீட்டின் மேல் வைத்திருந்தால் ஈசிங் அக்கா தெருவுக்கே விருந்து போட்டிருப்பாள். ஈசிங் அக்கா அவர் சம்சாரம், தையல்காரி. எங்கள் ஊரில் பாதிக் கல்யாண கவுன் அவள் கை தைத்ததுதான். இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது அண்ணன் ஐஸ் பேக்டரித் தீயில் பம்பு பிடித்துக்கொண்டிருந்தாராம். மகள் மரிலு பிறந்து, குளிப்பாட்டி, பாலும் குடித்துத் தூங்கிய பிறகுதான் கரி மூஞ்சியோடு வந்து நின்றாராம். இந்தக் கதையை என்னிடம் மட்டும் நூறு தடவை சொல்லியிருப்பாள். ஊரான் வீடு எரிந்தால் பறக்கிற மனுஷன் தன் வீட்டுக்கு ஒரு பல்பு மாற்ற மாட்டார் என்று முடிப்பாள்.

அந்த வருஷம் சான் யுவான் திருநாளுக்கு மறுநாள் மரிலுவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ரோதெல் எங்கள் குழுப் பையன்தான், குழாய் முனையைப் பிடித்துக்கொண்டு முதலில் உள்ளே போகிறவன். இன்னொரு தீயணைப்புக்காரனா என்று ஈசிங் அக்கா ஆறு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் பெண்ணின் பிடிவாதத்துக்கு இறங்கி வந்தாள். இறங்கி வந்தவள் இரண்டு உத்தரவு போட்டாள். மாடி அறையில் கவுன் தொங்குகிறது, ஆகவே திருநாளன்று வண்டி உப்பளத் தெருப் பக்கமே வரக் கூடாது. கல்யாணத்துக்கு நாள் குறித்த மாப்பிள்ளை வெளியே அலைந்தால் விபத்து தேடி வரும், ஆகவே ரோதெல் ஒரு வாரத்துக்கு வீட்டு வாசற்படி தாண்டக் கூடாது.

பாவம், ரோதெல். அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உலர்ந்த பனியனோடு, ஊர் நனைவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். தெருவில் போகிற ஒவ்வொருவரும் ஜெயிலில் சாப்பாடு எப்படி என்று அவனை விசாரித்துவிட்டுப் போனார்கள்.

காலை பத்து மணி இருக்கும். வெயில் மண்டையைப் பிளந்தது, கடல் காற்றும் சூடாகத்தான் வந்தது. கோயில் மைதானத்தில் எங்கள் வண்டி நின்று கூட்டத்தின்மேல் தண்ணீரை மழையாகப் பொழிந்துகொண்டிருந்தது. திருநாளானாலும் பாதித் தொட்டித் தண்ணீரை மிச்சம் வைக்க வேண்டும் என்பது குழுவின் சட்டம். பாதி வந்ததும் அண்ணன், உப்பளத் தெருவில் நின்ற என்னை ரேடியோவில் கூப்பிட்டு, நிறுத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டார். சனங்கள் கெஞ்சுகிற சத்தம் ரேடியோவிலேயே கேட்டது. மிச்சத்தையும் அடித்து முடியுங்கள், அப்புறம் போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று சொன்ன புத்திசாலி நான்தான்.

அதே நேரம் உப்பளத் தெருவில், வானரப் பையன்கள் கூட்டம் ஒன்று ஈசிங் அக்காவின் வாசல் கதவில் ஒரு அண்டா தண்ணீரைச் சாய்த்துவிட்டு ஓடியது. அவள் மாடியில் கவுனின் உள்பாவாடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அவர்களைத் துரத்தினாள். தெருமுனைவரை துரத்தினாள். திரும்பி வந்தபோது மாடிப்படியில் புகை இறங்கிக்கொண்டிருந்தது.

வெளியே ஓடிவந்து, "நெருப்பு" என்று கத்தினாள்.

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. இருபது வருஷமாகச் சிக்காத ஈசிங் தானாகவே வந்து மாட்டிக்கொண்டாள் என்று எல்லோருக்கும் குஷி. மூன்று பக்கமிருந்தும் வாளி பறந்தது. அவள் கத்தக் கத்த ஊற்றினார்கள். என் கையிலும் ஒரு வாளி இருந்தது, நானும் ஊற்றினேன். தண்ணீர் வழிகிற முகத்தோடு என்னைப் பார்த்து அவள் சொன்னாள்.

"பாதெங், விளையாடலடி. மேல பாரு."

பார்த்தேன். மாடி ஜன்னல் இடுக்கில் கறுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. வாளியைக் கீழே போட்டேன். அவள்மேல் ஊற்றின அந்தப் பாவத்தை இன்னும் எந்தப் பாதிரியாரிடமும் நான் சொல்லவில்லை.

பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்த ரேடியோவை எடுத்தேன். உப்பளத் தெருவில், திபோ வீட்டில் தீ என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு. ஈசிங்குக்கும் நனையணும்னு ஆசை வந்துடுச்சா என்று கேட்கிறார் மனுஷன். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நான் அவர் முழுப்பெயரைச் சொன்னதில்லை.

"பிரிமித்திவோ மாக்சினோ. உங்க வீடு எரியுது. மாடி, பின்னறை. உள்ள யாரும் இல்ல. வண்டிய எடுங்க."

மனுஷன் சிரிப்பை நிறுத்தினார். பிறகு வண்டி உறுமுகிற சத்தம் கேட்டது.

வண்டி வரும்வரை செய்ய வேண்டியது எங்களுக்கு மனப்பாடம். தீக்குக் காற்றுப் போகாமல் வாசல் கதவை இழுத்துச் சாத்தினேன். இரண்டு பக்கத்து வீட்டு ஆட்களையும் வெளியே வரச் சொல்லி, கேஸ் சிலிண்டர்களைத் தூக்கிக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோகச் சொன்னேன். மூன்றாவது வேலை மின்சாரத்தை நிறுத்துவது. அதை நிறுத்தாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் அடிக்க முடியாது. மெயின் சுவிட்சுப் பெட்டி வாசல் சுவரில் தலைக்கு மேலே இருந்தது. கையை நீட்டினேன், என் முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பக்கத்தில் நின்ற வாத்தியாரைப் பார்த்தேன், அவர் தலைமுதல் கால்வரை சொட்டினார். ஒரு குச்சி கேட்டேன், கொடுத்த குச்சியும் ஈரம். நின்ற இடமெல்லாம் கணுக்கால் தண்ணீர். அந்தத் தெரு முழுக்கத் தேடினாலும் உலர்ந்த கை ஒன்று கிடையாது.

"ரோதெல்" என்று கத்தினேன்.

அவன் ஏற்கெனவே வாசற்படி தாண்டிவிட்டான். ஊருக்குள் ஒரே உலர்ந்த ஆள். ரப்பர் செருப்பு, உலர்ந்த பனியன், கையில் ஒரு மர ஸ்டூல். ஈசிங் அக்கா அவனைப் பார்த்ததும் தீயை மறந்துவிட்டாள்.

"நாளைக்குக் கல்யாணம்டா. உள்ள போடா நீ."

"மெயின மட்டும் இறக்கிட்டுப் போயிடறேன் அத்தை" என்றான் மரியாதையாக. எல்லோரும் தள்ளி நின்று, மாப்பிள்ளைமேல் ஒரு சொட்டுப் படக் கூடாது என்று வாளிகளைக் கீழே வைத்தார்கள். அவன் ஸ்டூல்மேல் ஏறி, சட்டென்று பிடியை இறக்கினான். பிறகு, சொன்னபடி வீட்டுக்குப் போகவில்லை.

வண்டியோ வந்துகொண்டே இருந்தது, வந்தபாடில்லை. மூன்று நிமிஷத் தூரம். ஆனால் திருநாளன்று சைரன் என்றால் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். சைரன் கேட்கக் கேட்க சனங்கள் கையைத் தூக்கிக்கொண்டு வண்டி முன்னால் வந்து நின்றார்கள். ஹார்ன் அடித்தால் ஆடினார்கள். கடைசியில் அண்ணன் ஒலிபெருக்கியை எடுத்து, என் வீடு எரிகிறது, வழி விடுங்கள் என்று சொன்னாராம். குரலை உயர்த்தவேயில்லையாம். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது. விட்டதோடு நிற்கவில்லை, வாளியும் கையுமாக வண்டி பின்னாலேயே ஓடி வந்தது.

வண்டி வந்து நின்றது, தொட்டி காலி. தெருக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது, ஊரே தண்ணீரைத் திறந்துவிட்டால் குழாயில் என்ன இருக்கும். அண்ணன் இறங்கி, நாலா பக்கமும் ஒரு தடவை பார்த்தார். வட்டாரத் தலைவர் வீட்டு வாசலில் அவர் பேரப்பிள்ளைகளுக்காகக் காற்றடித்து வைத்த நீச்சல் தொட்டி ஒன்று இருந்தது. மஞ்சள் வாத்துப் படம் போட்டது.

"அதக் கொண்டாங்க" என்றார்.

எட்டுப் பேர் தண்ணீரோடு தூக்க முயன்று, முக்கால்வாசியைத் தங்கள் மேலேயே ஊற்றிக்கொண்டு கொண்டுவந்து வைத்தார்கள். உறிஞ்சுகுழாய் தொட்டியின் அடியைப் பிடித்து இழுக்காமல் இருக்க என் மீன் கூடைக்குள் அதன் வாயை வைத்து இறக்கினோம். அப்புறம் நான் சந்தைக் குரலை எடுத்தேன். இரண்டு வரிசை, நிரம்பினது இந்தப் பக்கம், காலி அந்தப் பக்கம், ஒருத்தனும் ஓடக் கூடாது, ஒருத்தனும் தொட்டியில் காலை விடக் கூடாது. கோயில் மைதானம்வரை ஆள் நின்றது. ஊரில் பிடித்து வைத்திருந்த தண்ணீர் முழுக்க அந்த வாத்துத் தொட்டிக்கு வந்தது. பூப் போட்ட தண்ணீர், ஐஸ் போட்ட தண்ணீர், சோப்புத் தண்ணீர். குறும்புக்காரன் ஒருவன் சிவப்புச் சாயம் கலந்து வைத்திருந்தான், அதுவும் வந்தது. இன்றைக்கும் அந்த வீட்டு மாடிச் சுவர் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கிறது.

அண்ணன் பம்பை முடுக்கினார். துணிக்குழாய் புடைத்து எழுந்தது. ரோதெல் அதற்குள் கோட்டும் ஹெல்மெட்டும் மாட்டி, முகமூடியைக் கட்டிக்கொண்டிருந்தான். உள்ளே போனால் இரண்டு பேராகத்தான் போவோம். அவனுக்குப் பின்னால் முடி வெட்டுகிற எமோங். கதவில் குழாயைத் தள்ளிக் கொடுக்கிற வேலை எனக்கு. இரண்டு பேரும் குனிந்து, முட்டிபோட்டு, படியில் ஏறிப் புகைக்குள் மறைந்தார்கள்.

ஈசிங் அக்கா அவர்கள் பின்னாலேயே ஓடினாள். கவுன், கவுன் என்கிறாள். நான் குழாயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் அவளைக் கட்டிப் பிடித்தேன். ஒடிசலான உடம்பு, ஆனால் அவள் துள்ளின துள்ளலைச் சொன்னால் மீன்காரி பொய் சொல்கிறாள் என்பீர்கள். பெரிய சூரை மீன் துள்ளுகிற துள்ளல் அது. வேறு வழியில்லாமல் அவளைக் கீழே தள்ளி அவள்மேல் உட்கார்ந்துகொண்டேன். என் எடை எனக்கு உதவிய நாள் அது ஒன்றுதான். அவள் மூச்சு வாங்கி, இனி ஓட மாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் எழுந்து அவளை விட்டேன்.

அவள் நேரே புருஷனிடம் போனாள். அண்ணன் வண்டியின் பக்கவாட்டில், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டு, பம்பின் அழுத்தமானியில் ஆடுகிற முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊரான் வீடுன்னா பறப்ப. உன் வீடு எரியுது, இங்க நின்னு குழாய் திருகிக்கிட்டு நிக்கிற. திரும்பிக்கூடப் பாக்க மாட்டியா நீ?"

அவர் திரும்பவில்லை. முள்ளைப் பார்த்தபடியே பேசினார்.

"ஈசிங், மேல ரோதெல் இருக்கான். இந்தத் தொட்டித் தண்ணி ஒரே சீரா வராது. வாளி பிந்தினா முள்ளு இறங்கும், இறங்கினா அவன் கையில தண்ணி இருக்காது. நான் இத விட்டு நகர முடியாது."

அவள் மாடியைப் பார்த்தாள். புகை கறுப்பிலிருந்து வெளுப்பாக மாறிக்கொண்டிருந்தது, தண்ணீர் தீயைத் தொட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நேரே போய் வரிசையின் கடைசி இடத்தில், தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். வருகிற வாளியை வாங்கி வாங்கி ஊற்றினாள். பிந்தியவர்களைத் திட்டினாள் பாருங்கள், என் சந்தையில்கூட அந்த மாதிரி வசவு கேட்டதில்லை. முள் அதற்கப்புறம் இறங்கவில்லை.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். எமோங் ஜன்னலிலிருந்து கையை ஆட்டிக் காட்டினார், அடங்கிவிட்டது என்று. தெரு போட்ட கூச்சலில் கோயில் மணி அடித்தால்கூடக் கேட்டிருக்காது. பின்னறையும் அதன் கூரையும் போயின; தையல் மெஷின் ஒன்று போயிற்று; வீடு நின்றது, இரண்டு பக்கத்து வீடும் நின்றன. அப்போது ரோதெல் படியில் இறங்கி வந்தான். இரண்டு கையையும் நீட்டி, பிளாஸ்டிக் உறையோடு கவுனைத் தாங்கிக்கொண்டு, தட்டித் தடவி, படிக்குப் படி காலால் தேடி வந்தான். முகமூடியைக் கழற்றியிருந்தான், கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. அடிபட்டுவிட்டதோ என்று வாளி வரிசையில் நின்ற மரிலு அலறிக்கொண்டு ஓடினாள். பெண்ணின் கவுனை மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்னால் பார்த்தால் ஆகாது என்பது எங்கள் வழக்கம்.

"சத்தியமா நான் பாக்கல அத்தை. முன்னறை அலமாரியில கையால தடவித்தான் எடுத்தேன்."

ஈசிங் அக்கா கவுனை வாங்கி மரிலு கையில் கொடுத்தாள். பிறகு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ஆறு மாசம் பேசாமல் இருந்ததற்கெல்லாம் சேர்த்து அழுதாள். அவன் இன்னும் கண்ணைத் திறக்கலாமா என்று கேட்டுக்கொண்டே நின்றான்.

மறுநாள் கல்யாணம் நடந்தது. கவுனில் புகை வாடை போகவில்லை, பாதிரியார் பாதிப் பூசையில் இருமினார்.

அதெல்லாம் மறுநாள் கதை. அன்றைக்குத் தீ அடங்கியதும் வேலை முடிந்துவிடவில்லை. கூரைச் சட்டத்தைப் பிரித்து, பலகைக்குப் பின்னால் கங்கு இருக்கிறதா என்று தேடித் தேடி நனைக்க வேண்டும், அதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை பம்பு ஓடியாக வேண்டும். தெருவில் அதற்குள் விருந்து ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மேஜை வந்தது, சேமியா வதக்கல் வந்தது, தேங்காய்ப்பால் அரிசிக் களி வந்தது. பிளாஸ்டிக்கைப் பிரித்துப் பன்றியை வெட்டினார்கள். யார் யாரையோ திரும்ப நனைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மட்டும் அதே இடத்தில், வீட்டுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றார்.

ஈசிங் அக்கா ஒரு தட்டில் சோறும் கறியும் எடுத்துக்கொண்டு போனாள். நான் குழாயை இழுத்துச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தேன். தட்டை நீட்டினாள், அவர் ஒரு கையால் வாங்கி வண்டி மேலே வைத்தார். கண்ணை முள்ளிலிருந்து எடுக்கவில்லை.

"வந்ததுலேர்ந்து ஒரு தடவகூட வீட்டப் பாக்கலயே நீ" என்றாள். திட்டுகிற குரல் இல்லை அது.

"பாத்திருந்தா ஓடியிருப்பேன் ஈசிங்."

இதைச் சொல்லும்போது அவர் தாடை நடுங்கியதை நான் பார்த்தேன். இருபது வருஷமாக எத்தனையோ தீயில் அவரோடு நின்றிருக்கிறேன், அந்த முகத்தைப் பார்த்ததில்லை. அவளும் பார்த்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நெருங்கி வந்தாள்.

"எந்த முள்ளு? எது வரைக்கும் இறங்கலாம்?"

அவர் விரலால் காட்டினார். இந்தக் கோட்டுக்குக் கீழே போனால் இந்தப் பிடியை இந்தப் பக்கம், மேலே போனால் அந்தப் பக்கம், அவ்வளவுதான். அவள் தன் கையை அவர் கைமேல் வைத்து, அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். ஓட்டுனரைத் தவிர யாரும் பம்பைத் தொடக் கூடாது என்பது குழுவின் சட்டம். அண்ணன் என்னைப் பார்த்தார். அன்றைக்கு நான் ஏற்கெனவே ஒரு சட்டத்தை உடைத்தவள்தானே, போங்கள் என்று தலையை ஆட்டினேன்.

"நீ போய் நம்ம வீட்டப் பாத்துட்டு வா. நான் நிக்கிறேன்."

அவர் திரும்பினார். கருகிய ஜன்னலையும், வானம் தெரிகிற கூரையையும், சிவப்புச் சாயம் வழிகிற சுவரையும் பார்த்தார். ஒரு அடி வைத்தார், இன்னொரு அடி வைத்தார், அப்புறம் ஓடினார். ஐம்பத்தாறு வயசு மனுஷன், பூட்ஸ் காலோடு, சின்னப் பிள்ளை மாதிரி ஓடிப் படியேறினார். மேலேயிருந்து அவர் அழுகிற சத்தமும் ரோதெல் அவரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தமும் கேட்டன.

நான் ஈசிங் அக்காவிடம், பார்த்தாயா அக்கா, உன் புருஷன் ஓடுகிற ஓட்டத்தை என்று கேட்டேன்.

"பேச்சுக் குடுக்காதடி" என்றாள் முள்ளைப் பார்த்தபடியே. "மேல ஆள் இருக்கு."